மூன்று நாள், ஒன்பது வேளை: கோலாலம்பூரா, பினாங்கா?

"மூணு நாள்தாம்ப்பா கையில இருக்கு. நல்லா சாப்பிடணும், கொஞ்சம் கடை கண்ணிக்குப் போகணும். எங்க தங்கட்டும், கோலாலம்பூரா, பினாங்கா?" என்று புதுக்கோட்டையிலிருந்து சித்தி கேட்டபோது, நான் யோசிக்கவே இல்லை. "கோலாலம்பூருக்கே வந்துடுங்க சித்தி, நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டேன். மலேசியாவில் நான் பிறந்து வளர்ந்தது பினாங்கு ஜெலுத்தோங்கில், 15 வருடமாகக் குடியிருப்பது கோலாலம்பூர் செந்தூலில். இரண்டு ஊரையும் நடந்தே தெரிந்துகொண்டவன். அப்படியிருந்தும் அன்றைக்கு அவசரத்தில் சொன்ன பதிலால் அவர்களுடைய ஒரு முழு நாள் வீணானது. அதிலிருந்து யார் கேட்டாலும் ஊர்ப் பெயரை உடனே சொல்வதில்லை. சாப்பாடு முக்கியமா சாமான் முக்கியமா, கூட வருகிறவர்களில் எத்தனை பேரால் நடக்க முடியும், இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வேன்.

என் கணக்கு இதுதான். மூன்று நாள் என்றால் ஒன்பது வேளை. அதில் எத்தனை வேளை அந்த ஊருக்கே உரிய சாப்பாடாக அமையும், எத்தனை வேளை பசி தாங்காமல் ஏதோ ஒரு பேரங்காடியின் உணவுக் கூடத்தில் போய் உட்கார்ந்து முடியும் என்று பார்க்க வேண்டும். ஊர் புதிது என்கிறபோது தவறிப்போன ஒரு வேளையை மறுபடி பிடிக்க முடியாது.

கோலாலம்பூரில் நல்ல சாப்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன். கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சென்ட்ரல் வந்துவிடலாம், பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக இலை முன்னால் உட்காரலாம். எங்கள் ஊர் வாழையிலைச் சாப்பாட்டைத் தமிழ்நாட்டுச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். சோறு, மூன்று காய், அப்பளம், மோர் மிளகாய், மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய், அதன் மேல் கோழிக் குழம்பா மீன் குழம்பா நண்டுக் குழம்பா என்று கேட்டு ஊற்றுவார்கள். சோறும் காயும் கேட்கக் கேட்க வரும், கறிக்கு மட்டும் தனிக் காசு. தோட்டத்திலும் ரயில்வேயிலும் வேலைக்கு வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கிடைத்ததை வைத்துச் சமைத்து உருவாக்கிய ருசி அது. எங்கள் சித்தப்பா முதல் வாயில் முகத்தைச் சுளித்தார், மூன்றாவது முறை சோறு வாங்கும்போது ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அடுத்த வேளைக்கு எங்கே? அங்கேதான் கோலாலம்பூர் சோதிக்கும். நாசி லெமாக் (தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு) என்றால் கம்போங் பாரு, சீனர்களின் இரவுச் சாப்பாட்டுத் தெரு என்றால் புக்கிட் பிந்தாங்கில் ஜாலான் அலோர் (அங்கே விலை சுற்றுலாக்காரர்களுக்கு என்றே ஏறிக் கிடக்கிறது, எனக்கு அந்தத் தெரு பிடிப்பதில்லை), பழைய சந்தைச் சாப்பாடு என்றால் சௌ கிட். எல்லாமே எட்டி எட்டி இருக்கின்றன. எல்ஆர்டி நகர ரயில் இருக்கிறது, போனில் கூப்பிடுகிற கிராப் வண்டி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் நாலரைக்கு ஒரு மழை பிடித்து, ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டு, சாலை முழுக்கச் சிவப்பு விளக்காக நிற்கும்போது நாலு பேர் குடும்பத்தோடு கிராப்புக்குக் காத்திருந்து பாருங்கள். ஒன்பது வேளையில் இரண்டு வேளை அப்படியே போய்விடும். சித்தி குடும்பத்துக்கு அப்படித்தான் போனது.

பினாங்குக்கு வருவோம். பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ் டவுனின் பழைய நகரம் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அதனால் பழைய கடைவீடுகளை இடித்து உயரமாகக் கட்ட முடியாது, தெருக்கள் அப்படியே இருக்கின்றன. சாப்பிட வருகிறவருக்கு இதில்தான் லாபம். லெபோ பசாரில், அதாவது எங்கள் பாட்டி காலத்திலிருந்து கடைத்தெரு என்று சொல்கிற தெருவில் நின்றால், 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோவில் ஒரு பக்கம், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்னொரு பக்கம், நடுவில் வடைச் சட்டி, பூக்கடை, புடவைக்கடை, சீடி காலத்துப் பாட்டுச் சத்தம். இங்கிருந்து சூலியா தெரு வழியாக பினாங்கு ரோடு வரைக்கும் நடந்தால் இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்குள் நாலு வேளைச் சாப்பாடு இருக்கிறது.

நாசி கண்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பினாங்குக்குப் போவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். கண்டார் என்றால் மலாயில் தோளில் காவடி போலச் சுமப்பது. கம்பின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் குழம்புப் பானை என்று தூக்கிக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்ற சோறு அது. இன்றைக்குக் கம்பு போய்விட்டது, பெயர் நிற்கிறது. லெபோ கேம்பலில் உள்ள ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது, பினாங்கு ரோட்டில் ஒரு சந்துக்குள் லைன் கிளியர் இருக்கிறது, ஜெலுத்தோங் பக்கம் டீன் கடைக்கு வெயிலில் வரிசை நிற்கும்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அண்ணன் தட்டில் சோற்றைக் கவிழ்ப்பார், நீங்கள் கறியைக் கை காட்ட வேண்டும். பொரித்த கோழி, கருப்பாக மினுங்கும் மாட்டிறைச்சி, கணவாய், மீன் சினை, முழு வெண்டைக்காய், அவித்த முட்டை. பிறகு "குவா?" என்பார், குழம்பு என்று அர்த்தம். "சம்போர், பாஞ்சிர்" என்று சொல்லுங்கள். சம்போர் என்றால் கலந்து, பாஞ்சிர் என்றால் வெள்ளம். அவர் ஒரு கரண்டியை எடுத்து கோழிக் குழம்பில் ஒரு கை, மீன் குழம்பில் ஒரு கை, இறைச்சிக் குழம்பில் ஒரு கை, கடைசியில் இன்னொரு பானையின் அடியில் கெட்டியாக நிற்பதில் அரைக் கை என்று ஊற்றிக்கொண்டே போவார், ஒவ்வொன்றும் முந்தையதின் மேல் படர்ந்து சோறு மூழ்கிவிடும். தனித்தனியாக அந்தக் குழம்புகள் எதுவும் பெரிய விசேஷம் இல்லை. கலந்த பிறகு வருகிற வாசனையை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை. கோலாலம்பூரிலும் நாசி கண்டார் கடை தெருவுக்குத் தெரு உண்டு, பசிக்குச் சாப்பிடலாம், ஆனால் பினாங்குக்காரனிடம் அதைக் காட்டி இதுவும் அதுவும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

விலை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோழியும் காயும் முட்டையும் என்றால் பெரும்பாலும் 10 முதல் 15 வெள்ளிக்குள் முடியும் (ரிங்கிட்டை நாங்கள் இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம், ஒரு வெள்ளி 20 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்). பெரிய இறால், மீன் தலை, மீன் சினை இவற்றுக்குப் பலகையில் விலை இருக்காது, எடை பார்த்தோ அளவு பார்த்தோ சொல்வார்கள். ஒரு தடவை நண்பன் குடும்பத்தோடு ஒரு கடையில் விலை கேட்காமல் ஒரு மீன் தலையைக் கை காட்டி, சாப்பிட்டு முடித்து, பில்லைப் பார்த்த பிறகு அந்தச் சாப்பாட்டின் ருசியே மறந்து போயிற்று. "அண்ணே, இது எவ்வளவு?" என்று முதலிலேயே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாசி கண்டார் தாண்டி, பேங்கோக் லேன் மூலையில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்), பாடாங் கோத்தா கடலோரத்தில் பாசெம்போர் (பொரித்த பலகாரங்களைக் கத்திரியால் நறுக்கி வெள்ளரிக்காய் சேர்த்துச் சர்க்கரைவள்ளிச் சாறு ஊற்றித் தருவது), பினாங்கு ரோட்டுச் சந்தில் செண்டோல் (தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்ந்த இனிப்பு), ஆயர் ஈத்தாமில் ஆசாம் லக்சா (புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ்), காலையில் டிரான்ஸ்பர் ரோட்டு ஓரத்தில் ரொட்டி சானாய் (நம் பரோட்டா போன்றது). எனக்கு இதையெல்லாம்விட நெருக்கமானது பூலாவ் திக்குஸ் பக்கம் பர்மா ரோட்டு ஓரத்து ஆப்பம். உள்ளங்கை அளவு மண் சட்டிகள் வரிசையாக அடுப்பில், மாவை ஊற்றிச் சுழற்றி, மூடி, ஓரம் சிவந்ததும் எடுத்து நாலாக மடிப்பார்கள். ஓரம் நொறுங்கும், நடுவில் தேங்காய்ப்பால் மணக்கும். பள்ளிக்கூட நாளில் பத்து வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனால் போய்ச் சேரும்போது ஆறுதான் இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர் கூட வந்தால் என் பதில் மாறும். பினாங்கின் பெருமை எல்லாம் மீனிலும் பெலாச்சான் என்கிற இறால் விழுதிலும் இருக்கிறது. ஆசாம் லக்சாவின் குழம்பே மீனில் செய்வது, பார்க்கக் கீரை வதக்கல் போல இருப்பதிலும் இறால் விழுது இருக்கும். கடைத்தெருவைச் சுற்றி நல்ல சைவக் கடைகள் இருக்கின்றன, சீனச் சைவக் கடைகளும் உண்டு, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் மாமியார் தினமும் இட்லி தோசையே சாப்பிட, மற்றவர்கள் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது என்பது குடும்பத்தோடு வந்ததற்கு அழகில்லை. வீட்டில் பாதிப் பேர் சைவம் என்றால் பிரிக்பீல்ட்ஸில் தங்குங்கள், ஒரே மேசையில் எல்லோரும் உட்காரலாம்.

சரி, கடை கண்ணி. இதில்தான் சித்தியை நான் தவறாக அழைத்துப் போனேன். முதல் நாளே பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் புடவைக்கடைக்குக் கூட்டிப்போனேன். வளைவு, வண்ணம், பூ மாலை, பாட்டு எல்லாம் நன்றாக இருந்தது, சித்தி ஆசையாக இரண்டு புடவை எடுத்தார். ஊருக்குப் போன பத்தாம் நாள் போன் வந்தது. "ஏம்ப்பா, அதே பார்டர், அதே கலர், திருச்சில பாதி விலைக்கு மாட்டி வச்சிருக்கான்." வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைகள் எங்களுக்காக இருப்பவை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் பறந்து போக முடியாத எங்களுக்காக அவர்கள் அங்கிருந்து வரவழைத்து விற்கிறார்கள், கப்பல் கூலியும் கடை வாடகையும் விலையில் ஏறத்தான் செய்யும். ஊரிலிருந்து வருகிறவர் அங்கே இலையில் சாப்பிடட்டும், வடை தின்னட்டும், துணி எடுக்க வேண்டாம்.

துணி என்றால் மஸ்ஜிட் இந்தியா தெரு. மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் போதும். அந்தத் தெருவும் பக்கத்துத் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையும் சேர்ந்து நாட்டிலேயே பெரிய துணிச் சந்தைகளில் ஒன்று. அறுத்து விற்கிற துணி, பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் நீள உடை) துணி, ஜரிகை வேலை, மலாய்க்காரர்கள் ஜரிகை இழை வைத்து நெய்கிற சோங்கெட், தலைத்துணி, தொப்பி, அத்தர். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துச் சந்தில் இரவுச் சந்தையும் கூடும். கைலி வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மலாயில் கைலிக்குக் காயின் பெலிக்காட் என்று பெயர், பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். அந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்த துணி இங்கே எல்லா வீட்டிலும் கொடியில் தொங்குகிறது. சித்தப்பாவுக்கு ஆறு வாங்கிக் கொடுத்தேன், அவர் அந்தப் பெயர்க் கதையை ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பாத்திக் வாங்குவதாக இருந்தால் துணியைப் புரட்டிப் பாருங்கள். மெழுகு போட்டுச் சாயம் ஏற்றிய துணியில் நிறம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியிருக்கும், கையால் வரைந்ததாக இருந்தால் கோடு ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலிந்து, ஒரு பூவைப் போல இன்னொரு பூ இருக்காது. இயந்திரத்தில் அச்சடித்தது என்றால் மேல் பக்கம் பளீரென்றும் பின்பக்கம் வெளுத்தும் கிடக்கும். அச்சடித்ததை வாங்குவதில் தப்பு ஒன்றும் இல்லை, அன்றாடம் கட்ட நன்றாக உழைக்கும், ஆனால் கையால் வரைந்த விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். கோலாலம்பூர் பசார் செனியில் (1888இல் தொடங்கிய பழைய சந்தை அது) பாத்திக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால் நாலு கடை பார்த்துக் கேட்க வசதி.

பினாங்கில் துணிக்காக அலைய வேண்டாம். அங்கே வாங்க வேண்டியது வாயில் போடுகிற சாமான். சௌராஸ்தா சந்தையில் ஊறப்போட்ட பழங்கள் கண்ணாடி ஜாடி ஜாடியாக இருக்கும், மாங்காய், நெல்லி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதிக்காய். ஊரில் நாம் கொட்டையைத்தான் உரைப்போம், இங்கே அதன் சதையைச் சீவி இனிப்பாகவும் உப்பாகவும் ஊறப்போட்டு விற்பார்கள். ஒரு துண்டு ருசி பார்க்கத் தருவார்கள், முதலில் காரமாக நாக்கில் ஏறி அப்புறம் குளிரும். சாதிக்காய்த் தைலமும் வாங்குங்கள், மூட்டு வலிக்கு அம்மாக்கள் கேட்டு வாங்குவது. சீனர்கள் செய்கிற தாவ் சா பியா பிஸ்கட், உள்ளே பருப்பு வைத்தது, ஒரு வாரம் தாங்கும் (சிலர் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள், வேண்டாதவர்கள் கேட்டு வாங்கவும்). அதே சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, எனக்கு அங்கே போனால் நேரம் போவதே தெரியாது. பினாங்கில் பை இலவசமாகத் தர மாட்டார்கள், ஒரு துணிப்பை கையோடு இருக்கட்டும். ஜாடியும் தைலமும் கைப்பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கினாலும் பிடுங்குவார்கள், பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள்.

நகை பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு ஊரிலும் 916 தங்கம் கிடைக்கும், அதாவது 22 காரட். கூலியை இங்கே ஊப்பா என்பார்கள், அதைப் பேசிக் குறைக்கலாம். இந்தியாவுக்குள் கொண்டுபோக வரம்பு உண்டு, அதைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

நடக்க முடியாதவர்களைப் பற்றி. பினாங்கு நடக்கிறவர்களின் ஊர் என்று சொன்னேன், ஆனால் கடைவீடுகளின் முன்னால் இருக்கிற காக்கி லிமா நடைபாதை ஒரே மட்டமாக இருக்காது, இரண்டு படி ஏறும், மூன்று படி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்கள் பார்க்க அழகு, பலவற்றில் லிப்ட் கிடையாது, மரப் படிகள் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர் வந்தால் தரைத்தள அறையாகக் கேட்டு எடுங்கள், அல்லது கொம்தார் கோபுரக் கட்டடத்தின் பக்கம் லிப்ட் உள்ள ஹோட்டலாகப் பாருங்கள். பழைய நகருக்குள் கேட் என்ற இலவசப் பேருந்து சுற்றி வருகிறது, வெயில் நேரத்தில் அதில் ஏறிவிடலாம். எந்த ஊரானாலும் வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தனியாக உண்டு, ஹோட்டல்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மஸ்ஜிட் இந்தியாவிலும் கடைத்தெருவிலும் பல தமிழ் முஸ்லிம் கடைகள் தொழுகைக்காகப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைக்கும் மூடியிருக்கும். காசு மாற்றும் கடைகளும் அப்படித்தான். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் வண்டிச் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை இந்தத் தெருக்களில் மாற்றினால் நல்ல விலை கிடைக்கும்.

எது என்று கேட்டால், மூன்றே நாள், சாப்பாடுதான் ஆசை, எல்லோரும் அசைவம், காலில் தெம்பு இருக்கிறது என்றால் பினாங்கு, கண்ணை மூடிக்கொண்டு. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டும், வயதானவர் இருக்கிறார், சைவம் இருக்கிறது என்றால் கோலாலம்பூர். திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்குக் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் எப்போதும் உண்டு, சென்னையிலிருந்து பினாங்குக்கும் 2024 கடைசியில் நேரடி விமானம் தொடங்கினார்கள், நடக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். மூன்று நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கேஎல் சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்கு ரயில் நாலு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் பெர்ரி, போக வர ஒரு நாள் போய்விடும்.

ஐந்து நாள் கிடைத்தால் இரண்டும் செய்யலாம், ஆனால் பினாங்கை முதலில் வையுங்கள். அங்கே காலிப் பெட்டியோடு போய்ச் சாப்பிட்டுத் திரிந்து, ஜாடியும் பிஸ்கட்டும் வாங்கி, கோலாலம்பூருக்கு வந்து கடைசி நாளில் துணி எடுத்து, அங்கிருந்து நேராக விமான நிலையம். மாற்றிச் செய்தால் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாசி கண்டார் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

சித்தி மறுபடியும் வருகிறார், தை மாதம், இந்தத் தடவை ஐந்து நாள், பெரியம்மாவும் கூட. பட்டர்வொர்த் ரயிலுக்கு நாலு டிக்கெட் எடுத்தாச்சு. பெரியம்மா சைவம், அதனால் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே தரைத்தள அறை சொல்லியிருக்கிறேன். முதல் நாள் காலை ஆப்பத்துக்கு எல்லோருமாகப் போகிறோம், அதில் மீனும் இல்லை பெலாச்சானும் இல்லை.